செத்த வீரனின் தாடி

என் கோபக்காரிக்கு,

நேற்று புத்தூர் டீக்கடை டிவியில் நான் போர்வீரனாக நடித்துச் செத்த படத்தின் ஹீரோ பேசினார். "ரெண்டு, மூணாம் பாகத்துக்குக் கதை ரெடி. போர்ல செத்தவங்களும் எழுந்து வருவாங்க. இன்னும் நாலஞ்சு வருஷம் ஆகும்" என்று சிரித்தார்.

"இன்னாபா, உன்ன எழுப்பப் போறாங்களாமே!" என்றார் கடைக்காரர்.

கண்ணை மூடினேன். பனி மூடிய போர்க்களத்தில், நெஞ்சில் தைத்த அம்போடு நான் எழுந்தேன். படைப்பக்கம் போகவில்லை. சித்தூர் பஸ்ஸில் ஏறி, அம்பு யார் மேலும் படாமல் ஒதுங்கி உட்கார்ந்து, உன் அம்மா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டால் நான் மொட்டை போடுவதாக நீ வேண்டிக்கொண்டாய். "அடுத்த பாகத்துக்கு இதே முடி, இதே தாடி வேணும்டி" என்று, காய்ச்சல் விட்ட பிறகும் தள்ளிக்கொண்டே போனேன். நீ பையோடு கிளம்பிய அன்றும் தாடியைத்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை திருமலைக்குப் போனேன். ஆறு வருஷத்து முடியும் தாடியும் ஈரமாக மடியில் விழுந்தன. தலையில் காற்றுப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பாப்பா இந்த முகத்தைப் பார்த்ததே இல்லை, பயந்துவிடுவாள். நைனாதான் என்று முன்னாலேயே சொல்லி வை.

உன்
மொட்டைத்தலையன்