தூக்கு வேண்டாம் என்று சொன்னேன்

1934, ஐப்பசி 12, ஞாயிறு. ரெங்கம் ரப்பர் தோட்டம்.

கள்ளுக்கடைச் சண்டையில் என் கணவரை வெட்டிக் கொன்ற மாரிக்குத் தூக்குத் தண்டனை. இந்த நாட்டுச் சுல்தானிடம் கருணை கேட்கலாமா என்று எங்கள் லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் இன்று கோயிலில் கூடினார்கள். என்னையும் கேட்டார்கள்.

“தூக்குல போட்டா இன்னொருத்தி தாலி அறுப்பா, அவ்வளவுதான். கள்ளுக்கடைய மூடச் சொல்லுங்க. அடுத்த சண்டையில வேடிக்கை பாக்காம குறுக்க நில்லுங்க” என்றேன்.

கொழுந்தன் பாய்ந்து வந்தான். “அண்ணன் ரத்தம் காயல. உங்கள சும்மா விடமாட்டேன், அண்ணி!”

நான்கு பேர் குறுக்கே நின்று அவனைத் தடுத்தார்கள்; இரவு என் வீட்டுக்குக் காவல் நிற்பதாகவும் சொன்னார்கள். இருட்டியதும் மாரியின் மனைவி பாயோடு வந்தாள்.

“தனியா இருக்காதீங்கக்கா. நானும் இங்கயே படுத்துக்கறேன்.”

கதவோரம் அவள்தான் படுத்திருக்கிறாள். வெளியே யாரோ இருமுகிறார்கள். காவலுக்கு நிற்பவர்களா, கொழுந்தனா? அவளும் தூங்கவில்லை. என் இடது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.