தலைப்பில்லாத தாள்

ஜூன் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ, அண்ணி, குட்டி மூவரும் சுகம்தானே? குட்டிக்குக் காதுவலி தேவலையா? இதையெல்லாம் போனில் கேட்கக் கூடாதா என்பாய். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் வருகிறது. தலைமையாசிரியை தொட்டி மேல் நின்று "அண்ணா, கேக்குதா, கேக்குதா" என்று கத்தினால் மறுநாள் எந்தப் பிள்ளை என்னை மதிக்கும்? அதனால்தான் உன் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போகும் தபால் பையில் இந்தக் கடிதம்.

மாவட்டப் பள்ளிகளுக்கான மூன்றாண்டுத் தொழில்நுட்பத் திட்டத்தை நீதான் எழுதப் போகிறாய் என்று தெரிந்ததும் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் நானே டீ வாங்கிக் கொடுத்தேன். எங்கள் கணக்கு வாத்தியாருக்கு ஓய்வுபெற ஒரு வருடம்தான் இருக்கிறது, யாரையும் லேசில் நம்பமாட்டார். அவரே, "உங்க அண்ணனா? அப்ப இந்தத் தடவையாவது நம்ம பேச்சு மேல போகும்" என்றார்.

உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன். போன திட்டத்தில் பதினோரு கணினிகள் வந்தன. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக இப்போது ஓடுவது நான்கு. மற்ற ஏழிலும் பெரிய பழுதில்லை, வந்து பார்க்க ஆளில்லை. ஓடுகிற நான்கையும் ஃபேனையும் ஒன்றாகப் போட்டால் மெயின் விழுந்துவிடும். கணினி வகுப்பு முடிந்து வேர்த்துப்போய் வரும் பிள்ளைகளைப் பார்த்தால் ஓட்டப்பந்தயம் ஓடிவிட்டு வருகிறார்கள் என்று நினைப்பாய். புதிதாக ஒரு பெட்டிகூட எங்களுக்கு வேண்டாம். ஒயரிங்கை மாற்றிக் கொடுங்கள். ஐந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு டெக்னீஷியனைப் போடுங்கள். இந்த இரண்டும் போதும்.

ஆசையுடன்,
உன் தங்கை


ஜூன் 17

என் அருமைத் தங்கைக்கு,

தலைமையாசிரியை அம்மாவுக்கு அடியேனின் வணக்கம். குட்டியின் காது சரியாகிவிட்டது. இப்போது நாம் கூப்பிட்டால் மட்டும்தான் கேட்காது.

உன் கடிதத்தை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இதுவரை வந்த திட்டமெல்லாம் கம்பெனிக்காரன் கொடுத்த விளம்பரத் தாளைப் பார்த்து எழுதியவை. நான் பள்ளிக்கூடத்தைப் பார்த்து எழுதப் போகிறேன். ஒயரிங் முதல் பக்கத்தில் இருக்கும், டெக்னீஷியன் இரண்டாம் பக்கத்தில் இருப்பார். இது அண்ணன் வாக்கு.

ஓர் உதவி வேண்டும். ஆசிரியர்களைக் கலந்துதான் எழுதினோம் என்பதற்கு ஆதாரம் இருந்தால்தான் மேலிடம் நிதி ஒதுக்கும். ஜூலை முதல் சனிக்கிழமை கூட்டம் வைக்கிறேன். உன் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு வா. நான் கூப்பிட்டால் அன்றைக்குப் பார்த்து எல்லோருக்கும் காய்ச்சல் வந்துவிடும். நீ கூப்பிட்டால் வருவார்கள், உன் வாய்க்குப் பயந்தாவது.

அன்புடன்,
அண்ணன்


ஜூலை 8

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒன்பது பள்ளிகளிலிருந்து முப்பத்தெட்டு பேர்! விடுமுறை நாளில்! இரண்டு பஸ் மாறி வந்தவர்கள்கூட உண்டு. எல்லோரையும் நான் எப்படிக் கெஞ்சிக் கூட்டி வந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. யாரையும் குறுக்கிடாமல் நான்கு மணி நேரம் கேட்டாய். பிள்ளைக்கு ஒரு டேப்லெட் என்று மேலிடம் யோசிக்கிறதாம் என்று நீ சொன்னதும் எங்கள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் எழுந்தாளே, "சார்ஜ் போட ஒரு பிளக் இல்ல சார். அத வச்சு நாங்க விசிறிக்கவா?" என்று. நீயும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாய். டேப்லெட் வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கிளம்பும்போது வருகைக்குக் கையெழுத்து கேட்டாய். கணக்கு வாத்தியார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல தலைப்பே இல்லியேம்மா. எதுக்குன்னு போடாம நான் கையெழுத்துப் போடுறதில்ல" என்றார். "எங்க அண்ணன்தான் சார். டைப் அடிக்க மறந்திருக்கும், போடுங்க" என்று சொல்லி முதல் ஆளாக நான் போட்டேன். பிறகு அவரும் போட்டார். அவர் சுபாவம் அப்படி, நீ தவறாக நினைக்காதே.

கூட்டக் குறிப்பின் நகலை அனுப்பிவை. எல்லோரும் கேட்கிறார்கள்.

உன் தங்கை


ஆகஸ்ட் 30

அன்புத் தங்கைக்கு,

நகல் கேட்டு நீ எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் போட நேரமில்லை. குறிப்பின் நகலைப் பிறகு பார்க்கலாம்.

ஒரு நல்ல செய்தி. நம் மாவட்டத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. முழு நிதியும் வருகிறது. மேலே சின்னச் சின்ன மாற்றங்கள் செய்தார்கள், அது எப்போதும் நடப்பதுதான். எனக்கும் அடுத்த மாதம் முதல் தலைமை அலுவலகத்தில் துணை இயக்குநர் பதவி. அண்ணி ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாள். ஒரு நாள் சாப்பிட வா.

அண்ணன்


செப்டம்பர் 14

அண்ணா,

திட்டம் அச்சாகி நேற்றைய தபால் பையில் வந்தது. நான் ஆசையாகப் பிரித்தேன். முதல் பக்கத்தில் ஒயரிங் இல்லை. இரண்டாம் பக்கத்தில் டெக்னீஷியனும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் டேப்லெட்.

கடைசியில் 'இணைப்பு நான்கு'. "பிள்ளைக்கு ஒரு டேப்லெட் வழங்குவதை ஒருமனதாக ஏற்கிறோம். அதற்காகப் பழைய கணினிகளின் பராமரிப்பு நிதியையும் டெக்னீஷியன் பணியிடக் கோரிக்கையையும் விட்டுக்கொடுக்கிறோம்." இதற்குக் கீழே, அன்றைக்கு வருகைக்கு என்று போட்ட முப்பத்தெட்டு கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

அதைக் கணக்கு வாத்தியாரும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. "நான் அன்னிக்கே கேட்டேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். மத்தியானம் ஒன்றாம் வகுப்பு டீச்சர் வந்தாள். "மேடம், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டாள். சத்தியமாகத் தெரியாது என்றேன். "சரி மேடம்" என்றாள். அவள் நம்பவில்லை. நான் உள்ளே போனால் ஆசிரியர் அறையில் பேச்சு நிற்கிறது. இருபது வருடம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள் என்னைப் பார்த்து இப்போது கவனமாகப் பேசுகிறார்கள். எனக்கு அழுகை அழுகையாக வருகிறது.

நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை. அந்தத் தலைப்பை எழுதியது யார்? வேறு யாரோ என்று சொல், நம்பிவிடுகிறேன்.

உன் தங்கை


செப்டம்பர் 20

என் அன்புத் தங்கைக்கு,

உன்னிடம் மறைக்கவில்லை. நான்தான் எழுதினேன்.

என் நிலைமையை நினைத்துப் பார். உங்கள் பேச்சை வார்த்தை மாறாமல் எழுதித்தான் மேலே கொண்டுபோனேன். டேப்லெட் ஏற்கெனவே முடிவாகிவிட்டது, ஆசிரியர் சம்மதம் மட்டும் பாக்கி, மூன்று நாளில் வராவிட்டால் நிதி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது இங்கே தினமும் நடப்பது. ஒன்றுமே வராமல் போவதற்கு இதாவது வரட்டுமே என்றுதான் செய்தேன். எனக்காகச் செய்யவில்லை.

இப்போது உங்கள் கணக்கு வாத்தியார் இருபத்திரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு புகார் கொடுத்திருக்கிறார். இருபத்தேழாம் தேதி விசாரணை அதிகாரி உன் பள்ளிக்கு வருவார். முதல் கையெழுத்து உன்னுடையது என்பதால் உன்னைத்தான் முதலில் கேட்பார். "தலைப்பைப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துப் போட்டோம்" என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடு. விஷயம் அதோடு முடிந்துவிடும். வாத்தியாருக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அண்ணிக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. குட்டியை நினைத்துப் பார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் வேலை இப்போது உன் கையில்.

உன் அண்ணன்


செப்டம்பர் 26

அண்ணா,

இதைத் தபால் பையில் போட்டால் இன்று வந்து சேராது. அலுவலக உதவியாளர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் மேலிடம் இருக்கிறது, மூன்று நாள் கெடு இருக்கிறது, அண்ணி இருக்கிறாள், குட்டி இருக்கிறாள். தப்புச் செய்துவிட்டேன் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. எனக்காகச் செய்யவில்லை என்கிறாய். பதவி யாருக்கு வந்தது, ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கா?

என்னை மட்டும் ஏமாற்றியிருந்தால் வீட்டுக்கு வந்து உன்னிடம் சண்டை போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டும் வந்திருப்பேன். நீ என்னைக் காட்டி மற்ற முப்பத்தேழு பேரை ஏமாற்றினாய். இப்போது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என் கையையே கேட்கிறாய். தலைப்பு இல்லை என்று சொன்ன ஒரே மனிதரை மறதிக்காரர் ஆக்கச் சொல்கிறாய். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தாள் விஷயத்திலாவது அவசரத்தில் புத்தி கெட்டது என்று நினைத்துக்கொள்வேன். இந்தக் கடிதத்தை நீ நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறாய்.

விசாரணைக்கு எழுதிவிட்டேன். தாளில் தலைப்பு இல்லை. கூட்டத்தில் ஒருவரும் டேப்லெட் கேட்கவில்லை. தயங்கியவரை 'என் அண்ணன்தான்' என்று சொல்லிக் கையெழுத்துப் போடவைத்தது நான். அந்தத் தப்புக்கு எனக்கு என்ன தண்டனை வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். நீ இருபதாம் தேதி எழுதிய கடிதத்தை அதோடு சேர்க்கவில்லை. அதிகாரி கேட்டால் கொடுத்துவிடுவேன்.

என் சதையும் ஆடத்தான் செய்கிறது. உன் வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

நீ எனக்குச் சொல்லாமல் செய்தாய். நான் உனக்குச் சொல்லிவிட்டுச் செய்கிறேன்.

அதிகாரி நாளைக் காலை பதினோரு மணிக்கு வருகிறார். அதற்குள் அண்ணியிடம் நீயே சொல்லிவிடு. அவளாக ஒருநாள் எதையோ பிரித்துப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தங்கை