மைக்கைத் திட்டும் தலைவர்

சேசு மரி சூசை துணை

கடலூர் முதுநகர்,
14.9.2010

மஸ்கட்டில் இருக்கும் அன்பு மகள் மேரி ஷாலினிக்கு அம்மா சவரிமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும். போனில் நான் அழுததைக் கேட்டு பயந்திருப்பாய், இனி பயம் வேண்டாம், உன் தம்பி டோனி முழுசாக வீட்டில்தான் இருக்கிறான், இப்போதுதான் நாலு தோசை தின்றான்.

அவன் நடித்த அந்த அரசியல் கிண்டல் படம் நம் ஊருக்கு வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. வாய்க்கு வந்ததைப் பேசும் தலைவர் வேஷம் அவனுக்கு. கைதட்டல் வராவிட்டால் மைக்செட் ஆளைத் திட்டுவது, பேச்சு வேகத்தில் துண்டை உதறிப் பின்னால் நிற்பவன் முகத்தில் அடிப்பது, எல்லாம் நம் நகரச் செயலாளர் தங்கராசுவேதான். உன் அப்பா இத்தனை வருஷமாக அவர் கூட்டத்துக்குத்தானே மைக்செட் கட்டுகிறார், கூடப்போன இந்தக் கழுதை அங்கேயே பாடம் படித்திருக்கிறான். தியேட்டரில் ஜனங்கள் தங்கராசு பேரைச் சொல்லியே விசில் அடித்தார்களாம். கை கால ஒடிச்சிடுவாங்கடா, குமராட்சில பெரியம்மா வூட்டுக்குப் போயிடு என்று கெஞ்சினேன், துரை கேட்டால்தானே.

ஞாயிறு பூசை முடிந்து வந்து கறி கழுவிக்கொண்டிருக்கிறேன், வாசலில் ரெண்டு சுமோ. தங்கராசுவும் ஆட்களும், கூடவே அவர் சம்சாரம் முத்தம்மாளும் இறங்குகிறார்கள். கறிச்சட்டியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். அப்பா வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கும்பிடுகிறார். தங்கராசுவோ டோனியைப் பிடித்து இழுத்து, ஒரு பொன்னாடையைப் போர்த்தி, சிதம்பரம் மணவாளன அப்புடியே கிழிச்சித் தொங்க வுட்டுட்டியேப்பா, அவன்தான் கைதட்டு வரலன்னா மைக்க திட்டுற பய என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். மணவாளன் அவர் கட்சியிலேயே அவருக்கு ஆகாத ஆள். உன் தம்பி உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான், நான் அவன் காலை மிதித்தேன். போன உயிர் திரும்பி வந்தது ஷாலினி, மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருக்கிறேன்.

போனில் சொல்ல முடியாத சங்கதி ஒன்று உண்டு, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. காபி போட உள்ளே போனேன், முத்தம்மாளும் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். படத்துல வர்றது எங்க வூட்டுக்காரருதாங்க்கா, எனக்குத் தெரியாதா என்றாள். நான் காபித்தூள் டப்பாவை அப்படியே கீழே வைத்துவிட்டேன். அவளோ, ரெண்டு தடவ பாத்துட்டேன், வூட்ல அவரு பேசுனா நான் வாயத் தொறந்ததில்ல, அங்க இருட்டுல உக்காந்து வயிறு வலிக்க சிரிச்சேன், வர்ற வெள்ளிக்கெழம மறுபடியும் போறேன், தொணைக்கு வரியாக்கா என்று கேட்கிறாள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இதை மாப்பிள்ளையிடம்கூட உளறாதே. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு. மாதா உங்கள் இருவரையும் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
ஞா. சவரிமேரி