பின்னுக்கு இழுத்த மட்டை

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

மூன்று கிழமையாகக் கணினி சொன்னது பொய். சூரியன் வெடித்துக் கிளப்பும் அதிர்ச்சி அலை, விண்வெளியில் தன் முன்னால் அகப்படும் மின்னேற்றமுள்ள நுண் துணிக்கைகளைத் திரும்பத் திரும்ப மோதி வேகமாக்க வேண்டும். என் நிரலில் அதுகள் மோத மோதக் களைத்துப்போயின. நாளைக்குச் சரியான விடையைப் பேராசிரியர் சேரிடம் காட்டாவிட்டால் கம்பஸில் இன்னொரு வருசம்.

வெறுத்துப்போய்ப் பின்னேரம் நாவற்குடா வாவிக்கரைக்குக் கிரிக்கெட் விளையாடப் போனேன். வேகமாக வந்த பந்தைத் தடுத்தேன். காலடியில் செத்து விழுந்தது. எதிர்முனையில் நின்ற கூட்டாளி றிஸ்வான் கத்தினான்:

"மட்டைய பின்னுக்கு இழுத்தா பந்து எப்பிடிடா போகும்? முன்னுக்குக் கொண்டந்து அடி, விஞ்ஞானி!"

அப்படியே நின்றுவிட்டேன். என் அலையும் துணிக்கையை விட்டுப் பின்னுக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கு!

மட்டையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"டேய், எங்கடா போறாய்? ஓவர் முடியல்லடா!"

நிரலைத் திறந்தால், அலையின் வேகத்துக்கு முன்னால் ஒரேயொரு கழித்தல் குறி. சனியன். அழித்தேன். துணிக்கைகள் பிய்த்துக்கொண்டு போகுது. மறுகா ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தும் அதே விடைதான். சேருக்கு அனுப்பியாச்சு.

ஓடிப்போனதுக்கு என்னை அவுட் எண்டு வச்சிட்டாங்களாம். றிஸ்வான் ஃபோனும் எடுக்கிறானில்லை. நாளைக்குப் போய்ச் சமாளிப்பம். இப்ப நல்லா நித்திரை வருது.