இரண்டு பேர் அகலப் பாய்

வவாவூ தீவு
12 ஜனவரி 1988

மருமகள் கலோலைனேவுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், பன்றிகள் உட்பட.

லூபே ராத்திரியெல்லாம் வியர்த்து, சட்டை நனைய எழுகிறாள் என்று எழுதியிருந்தாய். கடைக்காரன் பேச்சைக் கேட்டு நைலான் மெத்தையில் போட்டு நைலான் போர்வையும் போர்த்தினால் பிள்ளை வேகத்தான் செய்யும். பருத்தியா கம்பளியா என்று கேட்கிறாய். பருத்தி விரிப்பு வாங்கு. அதற்கு அடியில் போட, அங்கே வரும் ஃபூசியிடம் ஒரு தாழம்பாய் கொடுத்தனுப்புகிறேன். தாழை மடலை நானே கடலில் ஊறப்போட்டு வெளுத்தது. என் பின்னலுக்கு மேல் இந்தத் தீவில் பின்னல் கிடையாது. ஊர் சொல்கிறது, நான் சொல்லவில்லை.

பேத்திக்கு என் நெற்றியாமே? இருக்காதா பின்னே!

உன் மாமியார்
இலைசானே


பிரிஸ்பேன்
9 பிப்ரவரி

அன்புள்ள அத்தைக்கு,

பாய் வந்தது. முதல் ராத்திரியே லூபே வியர்க்காமல் தூங்கினாள். ஆனால் பாய் இரண்டு பேர் அகலம். இவள் சுவரோரமாக ஒடுங்கிக்கொள்கிறாள்.

"நடுவுல வந்து படுடி" என்றேன்.

"அப்புறம் அப்பா எங்கம்மா படுப்பாரு?"

உங்கள் மகனைக் கடல் கொண்டுபோய்ப் பிணமாகக் கரையில் போட்டபோது இவள் கைக்குழந்தை. நான் சிரித்துவிட்டேன். பிறகு அந்தக் காலிப் பக்கத்தைத் தொட்டேன். ஈரம். உப்பு வாடை.

இப்போது பிள்ளைக்கு வியர்ப்பதே இல்லை. கம்பளி போர்த்தினாலும் கைகால் மீன்போல் சில்லென்று கிடக்கிறது. டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். நேற்று, "அப்பா கூப்பிடறாரு, போகட்டுமா?" என்று கேட்டாள்.

அத்தை, இது யாருடைய பாய்?

கலோலைனே


வவாவூ
26 பிப்ரவரி

மகளே,

அது உனக்கும் சயாவுக்கும் கல்யாணப் பாயாக நான் பின்னி, அனுப்பாமலே வைத்திருந்தது. நம் வழக்கப்படி அவனை அதில் சுற்றித்தான் புதைத்திருக்க வேண்டும். சேதி கேட்டதும் அனுப்பினேன்; கப்பல் அங்கே வந்து சேருமுன் அடக்கம் முடிந்துவிட, பாய் அப்படியே என்னிடம் திரும்பி வந்தது. உன்மேல் குறையில்லை, அங்கே வெயில் யாருக்காகக் காத்திருக்கும்? நல்ல பாய் சும்மா கிடக்கிறதே, பிள்ளையாவது படுக்கட்டும் என்று அனுப்பினேன். அது சும்மா கிடக்கவில்லை போலிருக்கிறது.

உடனே எடுத்துப்போய் அவன் மண்மேல் விரி. ஓரத்தில் கல் வை. உரக்கச் சொல்: "சயா, உங்கம்மா உன் பாயக் குடுத்துட்டா. படுத்துக்கோ. புள்ளைய விட்டுடு, அவ எங்களுக்கு வேணும்." அழாதே. அழுகைச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுவான், சின்னதிலிருந்தே அப்படி.

என்றைக்காவது அவனை இங்கே கொண்டுவந்து புதைக்கலாம் என்று நினைத்திருந்தேன். வேண்டாம். அங்கேயே தூங்கட்டும்.

லூபேவுக்குப் புதுப்பாய் பின்ன உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தர் அகலம்தான்.

அம்மா


பிரிஸ்பேன்
17 மார்ச்

அம்மாவுக்கு,

விரித்தேன். சொன்னேன். அழவில்லை.

அன்றைக்கு லூபே வெறும் பருத்தி விரிப்பில், நடுவில், கைகாலைப் பரப்பிப் படுத்தாள். விடியும்போது தொட்டேன். கழுத்தெல்லாம் வியர்வை, சட்டையைப் பிழியலாம். துடைக்க மனசு வரவில்லை. உங்கள் நெற்றியில், அதாவது அவள் நெற்றியில், முத்தம் கொடுத்தேன். உப்புக் கரித்தது. சூடான உப்பு.

பாயை மெதுவாகப் பின்னுங்கள் அம்மா. இன்னும் கொஞ்ச நாள் அவளுக்கு வியர்க்கட்டும்.

கலோலைனே