பட்டாபிராமில் கொட்டிய நெருப்பு

1994 மார்ச், ஞாயிறு

பயணம் பாதியிலேயே முடிந்தது. சீர்செய்த பழைய நீராவி எஞ்சினில் சுற்றுலாப் பயணிகளை அரக்கோணம் வரை கூட்டிப்போக வேண்டும். ஓட்டுநர் நான். முதல் பெட்டியில் என் மனைவி செல்வி. நான் ஓட்டும் வண்டியில் அவள் ஏறியது இதுவே முதல் தடவை.

ஆவடி தாண்டியதும் பாய்லருக்குள் தண்ணீர் ஏறுவது நின்றுவிட்டது. தண்ணீரைத் தள்ளும் இரண்டு இன்ஜெக்டர்களும் வெறும் ஆவியைக் கக்கின. கரி போடும் யூசுப், "அண்ணாத்தே, தண்ணி மட்டம் காட்டுற கண்ணாடில தண்ணியே தெரியல. இன்னும் ஓட்டுனா பாய்லர் வெடிச்சிடும்" என்றான். பட்டாபிராமில் நிறுத்தி, எரியும் கரியையெல்லாம் கீழே கொட்டினோம்.

பயணிகள் இறங்கி வந்து என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "கொயந்தைங்கள இட்டுகினு வெயில்ல நிக்கவா வந்தோம்?" என்று ஒருவர் கத்தினார். கடைசியில் ஒரு டீசல் எஞ்சின் வந்து எங்களைத் திருப்பி இழுத்துப்போனது. அம்பத்தூர் கேட்டில் நின்றிருந்த செல்வியின் தம்பி, "இன்னா மாமே, உன் வண்டிய வேற எவனோ இஸ்துகினு போறான்!" என்று சிரித்தான்.

ஒரு மாதமாக அந்த இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழற்றி மாட்டினோம். நேற்றுகூட ஒழுங்காக வேலை செய்தன. எங்கே தவறியது என்று பிடிபடவில்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

சரியானதும் மறுபடி கூட்டிப்போகிறேன் என்று செல்வியிடம் சொன்னேன். "நீ ஓட்டு. நான் பஸ்ஸுல வந்துக்கிறேன்" என்றாள்.

"பயந்துட்டியா?"

"நானா? அவங்க கத்தசொல்ல உன் கை நடுங்கிகினு இருந்துச்சே!"

நடுங்கவில்லை என்றேன். இப்போதும் எழுத்து கோணலாகத்தான் விழுகிறது.