இரண்டாவது தொட்டி

திங்கள், காலை
கீழ்த்தளம், பிரசவ வார்டு

அன்புள்ள அக்கா,

நீ கேட்டபடி, கண்ணால் கண்டதை உள்ளபடி எழுதுகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். தொற்றுக் காய்ச்சல் என்று உன்னை மேல்மாடியில் தனி அறையில் போட்டுவிட்டார்கள். நீ கீழே வரும்வரை உன் கண்ணாக நான் இருக்கிறேன்.

இன்று காலை உன் பையனுக்குக் குளியல். கையைக் கழுவச் சொல்லி, முகக்கவசம் மாட்டி, நர்ஸம்மா என்னைக் கதவோரம் நிற்க விட்டார். வளையலைக் கழற்றினார். மின்விசிறியை நிறுத்தி ஜன்னல்களைச் சாத்தினார். தொட்டியில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகுதான் வெந்நீர். கலக்கிவிட்டு முழங்கையை விட்டுப் பார்த்தார்.

"விரலுக்குச் சூடு பழகிப்போயிருக்கும்மா. முழங்கைக்குத்தான் சரியா தெரியும்" என்றார்.

குழந்தையின் பிடரிக்குக் கீழே கொடுத்த கையைக் கடைசிவரை அவர் எடுக்கவே இல்லை. பையன் அழவில்லை. தலையை ஒருபக்கம் திருப்பி எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே உன் சாயல். மூக்கு மட்டும் அத்தானுடையது, பாவம்.

கடிதத்தை ஆயாம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒழுங்காகச் சாப்பிடு.

உன் தங்கை


திங்கள், மாலை

என் புத்தகப்புழுவுக்கு,

மூக்கைப் பற்றி அத்தானிடம் சொல்லிவிடுவேன், இரு.

நீ கூட்டவில்லை, சரி. குறைத்திருக்கிறாயே! மயக்கத்தில் கிடந்தாலும் நான் பெற்றது இரண்டு என்று தெரியாதா? பெண் எங்கே? அம்மாவைக் கேட்டால், "கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்கடி, எடை ஏறட்டும்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். நீயாவது என்னைப் பார்த்துச் சொல்.

அக்கா


செவ்வாய், காலை

அக்கா,

அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். மீறுகிறேன். பாப்பா பிறந்த அன்றே போய்விட்டாள்.

முதல் நாள் குளிப்பாட்டினால் உடம்பு குளிர்ந்துவிடும் என்று இங்கே ஒருநாள் பொறுப்பார்களாம். அதனால் அவளுக்குக் குளியலே நடக்கவில்லை. மறுநாள் வேலைக்கு வந்த நர்ஸம்மாவுக்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. ஒரு குழந்தையின் தண்ணீரில் இன்னொன்றைக் குளிப்பாட்ட மாட்டார்கள். அதனால் இரண்டு தொட்டி நிரப்பிவிட்டார். தெரிந்ததும் இரண்டாவதைக் கொட்டப் போனாராம். பையன் மூச்சு முட்ட அலறியிருக்கிறான். திரும்ப வைத்ததும் நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து தினமும் இரண்டையும் நிரப்புகிறார்.

"டாக்டர்கிட்ட வாயைத் திறந்துடாதேம்மா. எனக்குக் கிறுக்குன்னு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றார்.

நேற்று நான் எழுதாமல் விட்டது இதுதான். பையன் பார்த்துக்கொண்டிருந்தது அந்தத் தொட்டியைத்தான். அறையில் காற்றே இல்லை. ஆனாலும் அதன் தண்ணீர் அசைந்தது.

என்மேல் கோபப்படாதே. பதில் எழுது.

உன் தங்கை


புதன், காலை

குட்டி,

எனக்குத் தெரியும். அழாதே.

காய்ச்சல் இறங்கிவிட்டது, கீழே போய்ப் பையனைத் தூக்கலாம் என்கிறார் டாக்டர். நான் வரமாட்டேன். இவளைத் தனியே விட்டுவிட்டு எப்படி வருவது? பகலெல்லாம் என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். காதோரத்திலும் கழுத்து மடிப்பிலும் வெண்ணெய் பூசினாற்போல வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. துடைத்தால் போகவில்லை. நர்ஸம்மாவிடம் சொல், குளிப்பாட்டட்டும். அனுப்பி வைக்கிறேன்.

அக்கா


புதன், பிற்பகல்

அக்கா,

உன் கடிதத்தை நர்ஸம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பிறந்த பிள்ளை உடம்புல அந்த வெள்ளை இருக்கும்தான். ஆனா உங்கக்கா அந்தப் பிள்ளையைப் பார்க்கவே இல்லையே! நீ எழுதினியா?"

"இல்லை, சத்தியமா இல்லை."

நர்ஸம்மா மின்விசிறியை நிறுத்தினார். வளையலைக் கழற்றினார்.

பையனைக் குளிப்பாட்டி முடித்துக் கட்டிலில் கிடத்திவிட்டு, இரண்டாவது தொட்டியில் முழங்கையை விட்டுப் பார்த்தார். பிறகு இடது கையை மல்லாத்தித் தண்ணீருக்குள் வைத்தார். வலது கையில் ஈரப் பஞ்சு. கண், காதோரம், கழுத்து மடிப்பு. "ஆச்சுடி தங்கம், ஆச்சு. இன்னும் கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. ஆனால் அவருடைய மணிக்கட்டு பாரம் தாங்கினாற்போலத் தாழ்ந்திருந்தது.

துண்டில் ஒற்றி எடுத்து அவர் நிமிர்ந்தபோது தண்ணீரில் வெள்ளைத் துகள்கள் மிதந்தன. தொட்டுப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. அவர் அந்தத் தண்ணீரைக் கொட்டினார். பையன் அலறத் தொடங்கினான். இந்த முறை அவர் தொட்டியைத் திரும்ப நிரப்பவில்லை.

அந்த அலறலுக்கு நடுவில்தான் இதை எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது நிமிர்ந்து பார்த்தால் நீயே வாசலில் நிற்கிறாய். இனி இதை உனக்கு அனுப்ப வேண்டியதில்லை. ஆனாலும் சொன்னபடி உள்ளதை எழுதி முடிக்கிறேன்.

"என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? அவனைக் கொடுங்க" என்கிறாய். நர்ஸம்மா பையனை உன் வலது கையில் வைக்கிறார். அழுகை நின்றுவிட்டது. இடது கையை நீ நீட்டவே இல்லை. அது ஒரு பிடரிக்கு அணைகொடுத்தபடி மடங்கியிருக்கிறது. உன் சட்டையில் அந்தப் பக்கத் தோள் மட்டும் நனைந்திருக்கிறது. மூவருமாக மெல்ல நடந்து போகிறீர்கள்.

குளியல் முடிந்தது. நர்ஸம்மா விளக்குகளை அணைத்துவிட்டார்.